கிலோ ஒன்று, அந்தர் இரண்டு

1. வியாழக்கிழமைக் கடிதம்

என் உத்தியோக காலத்தில் நான் ஒரு மனிதரைக் கள்ளனாக்கியிருக்கிறேன். கோள் சொல்லவில்லை, பொய்ச்சாட்சி சொல்லவில்லை. ஒரு புரோகிராமில் ஒரு வரி எழுதினேன், அவ்வளவுதான். பிறகு அவர் கள்ளனில்லை என்று நிறுவியதும் நான்தான். பின்னதை மட்டும் சொன்னால் பெருமையடித்தது போலாகும். அதனால் இரண்டையும் சேர்த்தே சொல்கிறேன். இப்போது ஒரே கொம்பியூட்டரில் ஒரே மொழியின் நாலைந்து வேர்ஷனை வைத்துக்கொண்டு மண்டையை உடைக்கிற பிள்ளைகளுக்கு இது பயன்படலாம்.

எண்பதுகளின் தொடக்கம். திருகோணமலைத் துறைமுகத்தில் கோதுமைக் கப்பல்களை இறக்கி, நாலு மைல் தள்ளியிருந்த பெரிய ஸ்டோரில் சேர்த்து வைக்கும் ஒரு கம்பனியில் வேலை செய்தேன். நான் சல்லியில் பிறந்தவள். அப்பா கடலுக்குப் போகிறவர். கொழும்பில் ஒரு வருடம் புரோகிராமிங் படித்துவிட்டு வந்த எனக்குக் கந்தோரில் "கொம்பியூட்டர் மிஸ்" என்று பெயர். அந்தப் பெட்டியைத் தொட மற்றவர்களுக்குப் பயம். பயம் இருக்கும்வரை மரியாதையும் இருக்கும் என்பதால் நானும் அதைத் தெளிவிக்கப் போகவில்லை.

ஒரு வியாழக்கிழமை காலை மனேஜர் சிவபாதம் சேர் என்னைக் கூப்பிட்டார்.

"மிஸ் செல்வராணி, மூண்டு மாதத்துப் பிரிண்ட் முழுக்க எடுத்து வையுங்கோ. திங்கட்கிழமை விசாரணை. கொழும்பிலை இருந்து டைரக்டர் வாறார்."

"ஆருக்கு விசாரணை, சேர்?"

"ஸ்டோர்த் தராசுக் கபூருக்கு. காலமையே நிப்பாட்டியாச்சு. விசாரணை முடிய பொலிசுக்குக் குடுக்கிறதுதான்."

கபூர் நானா கிண்ணியாக்காரர். பாதை என்று நாங்கள் சொல்லும் மிதவையில் ஏறி, தினமும் கடலைத் தாண்டி வேலைக்கு வருவார். ஸ்டோர் வாசலில் லொறி நிறுக்கும் தராசு அவர் பொறுப்பு. இருபத்திரண்டு வருடமாக அந்தத் தராசடியை விட்டு அவர் நகர்ந்ததில்லை. வாய் கொஞ்சம் நீளம். லொறிக்காரர் யாராவது தராசுத் தட்டில் கோணலாக ஏற்றினால், லொறியைப் பெற்றவர்களுக்கும் சேர்த்துத்தான் ஏச்சு விழும். ஆனால் களவு? அன்று காலை லொறிக்காரர்கள், கூலியாட்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டு நிற்க, முற்றத்தில் வைத்து அவரிடம், திறப்பு என்று நாங்கள் சொல்லும் தராசறைச் சாவியை வாங்கியிருக்கிறார்கள்.

"சேர், அவர் அப்பிடிப்பட்ட ஆள் இல்லை எண்டுதான் நினைக்கிறன்."

"நானும் அப்பிடித்தான் நினைச்சனான். கிண்ணியாவிலை கல்வீடு கட்டுறாராம் எண்டு கதை. அதை விடுங்கோ, ஜெட்டியிலை நிறுத்தது ஒரு கணக்கு, ஸ்டோரிலை நிறுத்தது ஒரு கணக்கு. ஜெட்டிக் கணக்குக் கப்பல் கணக்கோட ஒத்துப்போகுது. ஸ்டோர்தான் குறையுது. லொறியும் றைவரும் ஒவ்வொரு நாளும் மாறுது. மாறாத ஆள் ஒராள்தான்." பிறகு சிரித்தார். "மெஷின் பொய் சொல்லாது எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள், மிஸ்?"

ஓம், சொன்னனான். அந்த மெஷின் வாங்குவதற்காக அவரிடம் நானே சொன்ன வசனம் அது.

2. இரண்டு மெஷின், ஒரு புரோகிராம்

இதைச் சொல்லாவிட்டால் மேலே விளங்காது. நாடு அப்போது இறாத்தலிலிருந்து கிலோவுக்கு மாறிக்கொண்டிருந்தது. எங்கள் தராசுகள் புதியவை, கிலோ காட்டும். புத்தகங்கள் பழையவை, எல்லாம் அந்தரில். ஓர் அந்தர் என்பது ஐம்பது கிலோவும் எண்ணூறு கிராமும், கிட்டத்தட்ட ஒரு மூடை. கொழும்புத் தலைமைக் கந்தோர் அந்தரை விட மாட்டோம் என்று ஒற்றைக் காலில் நின்றது.

எனவே நான் பேசிக் மொழியில் ஒரு புரோகிராம் எழுதினேன். தராசுக்காரர் கிலோவைத் தட்டுவார். கொம்பியூட்டர் அதை 50.8 ஆல் பிரித்து, முழு அந்தரை மட்டும் பிளொப்பித் தட்டில் பதிந்து, ஒரு துண்டுச் சீட்டும் அடித்துக் கொடுக்கும். தட்டில் இடம் குறைவு என்பதால் கிலோவை நான் வைத்திருக்கவில்லை. எட்டங்குலப் பிளொப்பித் தட்டுக்காலம் அது. ஒவ்வோர் எழுத்துக்கும் இடம் பார்ப்போம்.

முதல் மெஷின் ஸ்டோருக்கு வந்தது. ஒன்றரை வருடம் கழித்து, அதே கம்பனி செய்த இரண்டாவது மெஷின் ஜெட்டிக்கு வந்தது. அதுவரை லொறிகளை ஸ்டோரில் மட்டும்தான் நிறுப்போம். ஸ்டோர்ப் புரோகிராமை ஒரு பிளொப்பியில் பிரதி எடுத்து, பையில் போட்டு, பஸ்ஸில் கொண்டுபோய் ஜெட்டி மெஷினில் போட்டேன். ஓடியது. பரீட்சை செய்தேனா? செய்தேன். ஐயாயிரத்து எண்பது என்று தட்டினேன். நூறு அந்தர் என்று வந்தது. மிச்சமின்றி அழகான நூறு. மனேஜருக்குச் சரி என்று கைகாட்டிவிட்டு வந்து சேர்ந்தேன். அதற்குப் பிறகுதான் கோதுமை குறையத் தொடங்கியது.

3. வாசலில் நின்றவர்

வெள்ளிக்கிழமை காலை நான் ஸ்டோருக்குப் போனபோது கபூர் நானா கேற்றுக்கு வெளியே நின்றார். உள்ளே விடவேண்டாம் என்று காவலாளிக்கு உத்தரவு. நான் தலையைக் குனிந்துகொண்டு போகப் பார்த்தேன். விடவில்லை.

"புள்ள, நில்லு. நீதானே அந்தப் பெட்டிக்குச் சொந்தக்காரி?"

"நானா, எனக்கு ஒண்டும் தெரியாது. பிரிண்ட் எடுத்துக் குடுக்கச் சொல்லியிருக்கினம்."

"எடு. நல்லா எடு. எடுத்துப்போட்டு நீயும் ஒருக்கா வாசிச்சுப் பாரு. கள்ளன் எண்டா ஒரு நாளைக்கு அஞ்சு மூட எடுப்பான், ஒரு நாளைக்குப் பயந்துபோய் எடுக்காம உடுவான். உன்ட பேப்பர்ல லொறிக்கு ஒரு அந்தர் கொறயுதாம். ரெண்டில்ல, மூணில்ல, ஒண்டு. நானும் நேத்துத்தான் கேள்விப்பட்டன். இவன் என்ன கள்ளன் புள்ள, கணக்கு வாத்தியாரா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கு வரவில்லை. கண் கலங்கியிருந்தது. "ஊட்ட போய் என்னத்தச் சொல்றது? பாதையில ஏறினா ஆக்கள் வெலத்தி நிக்கிறாங்க," என்றார். நான் உள்ளே போய்விட்டேன். அந்த நேரம் அவரிடம் ஒரு நல்ல வார்த்தை சொல்லாமல் போனதற்கு இன்றைக்கும் எனக்கு என்மேல் கோபம் உண்டு.

பிரிண்டை விரித்து வைத்து வாசித்தேன். ஜெட்டித் துண்டும் ஸ்டோர்த் துண்டும் லொறி லொறியாகப் பக்கத்தில் பக்கத்தில். மனிதர் சொன்னது சரி. பாதி லொறிகளில் வித்தியாசமே இல்லை. மற்றப் பாதியில் ஓர் அந்தர். மூன்று மாதத்தில் ஒரு லொறியிலாவது இரண்டு குறையவில்லை. ஒரு லொறியிலாவது ஸ்டோரில் கூடவில்லை. நாளைக்கு அறுபது லொறி ஓடினால் முப்பது அந்தர் பறக்கிறது. எந்தக் களவாணிக்கும் இவ்வளவு ஒழுக்கம் கிடையாது.

4. லொறியில் ஒரு பயணம்

துறையில் அப்போது ஒரு கப்பல் நின்றது. மத்தியானம் ஜெட்டிக்குப் போய், கோதுமை ஏற்றிய ஒரு லொறியில் நானும் ஏறினேன். றைவர் தங்கராசா அண்ணன் இறக்கக்கண்டிக்காரர். பெண்பிள்ளை ஒருத்தி முன்சீற்றில் ஏறியதும் அவருக்கு ஒரே புழுகம், சந்தோஷம் தாங்கவில்லை.

"தங்கச்சி, கோதுமைக்குக் காவலோ, எனக்குக் காவலோ?"

"ரெண்டுக்கும்தான் அண்ணன். வழியிலை எங்கையும் நிப்பாட்டக் கூடாது."

"தேத்தண்ணிக்கும் ஏலாதோ?"

"ஏலாது."

"அப்ப நீங்கள் உண்மையாவே டைரக்டர்ர ஆள்தான்," என்று சொல்லிவிட்டு லொறியை எடுத்தார்.

ஏறுவதற்கு முன் ஜெட்டித் தராசின் முள்ளை நானே பார்த்திருந்தேன். லொறியின் வெற்றுப் பாரத்தைக் கழித்தால் எண்ணாயிரத்துப் பத்துக் கிலோ. துண்டில் நூற்றைம்பத்தெட்டு அந்தர். வழி முழுக்கக் கண்ணாடியில் லொறியின் பின்பக்கத்தையே பார்த்துக்கொண்டு வந்தேன். ஒருவரும் ஏறவில்லை, ஒன்றும் விழவில்லை. ஸ்டோரில் இறங்கி, கபூர் நானாவுக்குப் பதிலாக நின்றவரை விலத்திவிட்டு, முள்ளை மறுபடி நானே பார்த்தேன். எண்ணாயிரத்துப் பத்து. ஒரு கிலோ கூடவுமில்லை, குறையவுமில்லை. நானே தட்டினேன். பிரிண்டர் கரகரவென்று துண்டைத் தள்ளியது.

நூற்றைம்பத்தேழு அந்தர்.

இரண்டு துண்டையும் கையில் வைத்துக்கொண்டு தராசறை வாசலில் நின்றேன். தங்கராசா அண்ணன் எட்டிப் பார்த்தார். "என்ன தங்கச்சி, பேயைக் கண்டமாதிரி நிக்கிறியள்?"

"அண்ணன், கிலோ ஒண்டு, அந்தர் ரெண்டு."

"எனக்கு விளங்கேல்லை."

"எனக்கும்தான்," என்றேன். ஆனால் ஏதோ ஒன்று விளங்கத் தொடங்கியிருந்தது. களவெடுத்த கை என்னுடையது.

5. ஒருவரும் வாசிக்காத முதல் வரி

8010 ஐ 50.8 ஆல் பிரித்தால் 157.67 சொச்சம். அந்தச் சொச்சத்தை என்ன செய்வது என்று என் புரோகிராமில் நான் எழுதவில்லை. பேசிக்கில் ஒரு பெயருக்குப் பின்னால் சதவீதக் குறி போட்டால், அதற்குள் முழு எண் மட்டும்தான் நிற்கும். சொச்சத்தை மொழியே பார்த்துக்கொள்ளும். ஸ்டோர் மெஷின் சொச்சத்தை வெட்டி எறிந்தது. நானும் வெட்டும் என்று நம்பித்தான் எழுதினேன். ஜெட்டி மெஷின் ஏன் அதை மேலே தூக்கி நூற்றைம்பத்தெட்டு ஆக்கியது?

சனிக்கிழமை காலை ஜெட்டி மெஷினை நிற்பாட்டி, மறுபடி போட்டேன். திரையில் மொழியின் பெயரும் ஓர் எண்ணும் முதல் வரியாக வரும். தினமும் வருவதுதான். வந்த உடனே நாங்கள் தட்டத் தொடங்கிவிடுவோம், அது மேலே ஓடிவிடும். அன்றைக்குத்தான் அதை வாசித்தேன். ஐந்தாவது வேர்ஷன். ஸ்டோருக்கு டெலிபோன் எடுத்து அங்கே வாசிக்கச் சொன்னேன். நாலாவது வேர்ஷன்.

ஜெட்டி மெஷினோடு வந்த கைநூல் உறை பிரிக்காமல் அலுமாரியில் கிடந்தது. பழைய கைநூல் போலத்தானே இருக்கும் என்று நான் தொடவே இல்லை. பிரித்துக் கடைசிப் பக்கங்களுக்குப் போனேன். புதிய வேர்ஷனில் மாறியவை என்று ஒரு பட்டியல். இரண்டாவது மாற்றமே இதுதான். தசம எண்ணை முழு எண்ணாக்கும்போது இனி வெட்டுவதில்லை, கிட்டிய எண்ணுக்குக் கொண்டுபோகும். இரண்டரையைக் கொடுத்தால் பழையது இரண்டு என்னும், புதியது மூன்று என்னும்.

கதிரையில் இருந்துவிட்டேன். என் பரீட்சை எண் ஞாபகம் வந்தது. ஐயாயிரத்து எண்பதுக்குச் சொச்சமே கிடையாது. வெட்டினாலும் நூறு, தூக்கினாலும் நூறு. அழகான விடை வரவேண்டும் என்பதற்காக அந்த எண்ணைத் தேடி எடுத்தவள் நான். கப்பலில் வருகிற கோதுமைக்கு என் அழகைப் பற்றி என்ன கவலை? வெட்கத்தில் காது சுட்டது.

பொய் சொல்லக் கூடாது, இன்னொரு யோசனையும் வந்தது. ஜெட்டிப் புரோகிராமில் ஒரு சொல்லைச் சேர்த்தால் போதும், இன்றிலிருந்து கணக்கு ஒத்துப்போகும். கபூரை நிறுத்தியதும் களவு நின்றுவிட்டது என்று எல்லோரும் சொல்வார்கள். என்னை ஒருவரும் கேட்க மாட்டார்கள். அந்த யோசனை வந்து போக ஒரு தேத்தண்ணி குடிக்கிற நேரம் பிடித்தது. அதற்குமேல் பிடிக்கவில்லை என்பதில் எனக்கு ஒரு திருப்தி. வழியில் ஸ்டோர்த் தட்டின் பிரதியையும் எடுத்து, இரண்டு வேர்ஷன் தட்டுகளையும் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

6. இரண்டரை

திங்கட்கிழமை விசாரணை ஸ்டோர்க் கந்தோர் மேல்மாடியில் ஏற்பாடாகியிருந்தது. டைரக்டர் கொழும்புத் தமிழர், வெள்ளை உடுப்பு, பேச்சு குறைவு. கபூர் நானா தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு மூலையில் நின்றார். கதிரை கொடுக்கவில்லை.

"பிரிண்ட் எங்கை மிஸ்?" என்றார் மனேஜர்.

"சேர், பிரிண்ட் பிழை. கீழை மெஷின் அறைக்கு வந்தால் காட்டுவன்."

"என்ன பிழை? மெஷின் பழுதோ?"

"மெஷின் நல்லது சேர். பிழை என்னுடையது."

டைரக்டர்தான் முதலில் எழும்பினார். "வாங்க, பார்ப்போம்," என்றார்.

மெஷினில் பழைய வேர்ஷன் தட்டைப் போட்டேன். "சேர், நீங்களே தட்டுங்கோ," என்று சொல்லிக் கொடுத்தேன். டைரக்டர் ஒரு விரலால் A%=2.5 என்று தட்டினார். விடையைக் கேட்டதும் திரையில் 2 வந்தது. மெஷினை நிற்பாட்டினேன். புதிய வேர்ஷன் தட்டைப் போட்டேன். "அதையே திருப்பித் தட்டுங்கோ." தட்டினார். 3 வந்தது.

"அதே மெஷின்," என்றார் டைரக்டர்.

"ஓம் சேர். அதே மெஷின், அதே எண், அதே வரி. மொழியின்ரை வேர்ஷன்தான் வேறை. ஜெட்டியிலை புதுசு, ஸ்டோரிலை பழசு. ஒண்டு தூக்குது, மற்றது வெட்டுது. நான் ரெண்டையும் பாக்காமல் ஒரு புரோகிராமை ரெண்டிலையும் போட்டிட்டன்."

மனேஜர் விடுவதாக இல்லை. "சரி மிஸ், இரண்டரை கிடக்கட்டும். மூண்டு மாதமா நூற்றுக்கணக்கான அந்தர் குறைஞ்சிருக்கே. அந்தக் கோதுமை எங்கை?"

இதற்குத்தான் இரண்டு நாளாகக் காத்திருந்தேன்.

"குறையேல்லை சேர். ஸ்டோருக்குள்ளதான் கிடக்கு. எழுதாமல் விட்டது மட்டும்தான். கோதுமைத் தொட்டியளை அளந்து பாருங்கோ. புத்தகத்திலை இருக்கிறதை விடக் கூட இருக்கும்."

எங்கள் பின்னால் இறங்கி வந்து வாசலில் நின்ற கபூர் நானாவின் குரல் வந்தது. "துரை, ரெண்டரைய ரெண்டு எண்டும் சொல்லுது, மூணு எண்டும் சொல்லுது. என்ட தராசு இருபத்திரண்டு வருசத்துல ஒரு நாளும் அப்பிடிச் சொன்னதில்ல."

டைரக்டர் முதல் தடவையாகச் சிரித்தார். நானாவுக்கு ஒரு கதிரை எடுத்து வரச் சொன்னார்.

அடுத்த இரண்டு நாளும் தொட்டி தொட்டியாக அளந்தார்கள். மனேஜர் தானே ஏணியில் ஏறினார். உடுப்பெல்லாம் கோதுமைத் தூசியோடு இறங்கி வந்து, என் மேசையில் தாளை வைத்தார். காணாமல் போனதாகச் சொன்ன கோதுமை முழுக்க உள்ளே கிடந்தது. "மிஸ், நான் மனிசனைக் கள்ளன் எண்டு சொல்லிப்போட்டன்," என்றார். அவருடைய முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ஆனால் உள்ளே நான் துள்ளிக்கொண்டிருந்தேன்.

7. கபூர் நானாவின் நிபந்தனை

வேலைக்குத் திரும்பச் சொல்லி ஆள் அனுப்பினார்கள். நானா வந்தார். தராசறைத் திறப்பை மனேஜர் நீட்டினார். அவர் வாங்கவில்லை.

"இப்ப வாங்க மாட்டன். அடுத்த கப்பலுக்கும் இந்தப் பெட்டி என்னக் கள்ளனாக்காது எண்டு ஆரு பொறுப்பு? ஒரு கப்பல் முழுசா எறங்கட்டும். ரெண்டு பக்கமும் ஒரே கணக்கு வரட்டும். பொறகு எடுக்கிறன்."

பார்வை முழுக்க என்மேல் இருந்தது. "சரி நானா, நான் பொறுப்பு," என்றேன்.

மனேஜருக்கு வழி சுலபமாகத் தெரிந்தது. "எல்லாத்தையும் புதுசுக்கு மாத்திவிடுங்கோ மிஸ். ஒரு மொழி, ஒரு பிரச்சினையும் இல்லை."

மாற்றிவிட்டுக் கைகாட்ட எனக்கும் ஆசைதான். ஆனால் ஒருதரம் சூடுபட்ட பூனை நான். எங்களிடம் நாற்பத்தொரு புரோகிராம் இருந்தன. ஒவ்வொன்றையும் இரண்டு வேர்ஷனிலும் ஓட்டிப் பார்த்தேன். ஒன்பதாவதிலேயே அகப்பட்டது. கொழும்புக்குப் போகும் தினசரி அறிக்கை அது. லொறி ஓடாத நாளில் "இல்லை" என்று ஒரு வரியாவது அடிக்கவேண்டும். அடிக்காவிட்டால் கொழும்பில் ஏற்க மாட்டார்கள். பழைய மொழியில், ஒன்றிலிருந்து லொறித்தொகை வரை திருப்பித் திருப்பிச் செய் என்றால், தொகை பூச்சியமாக இருந்தாலும் ஒரு தடவை செய்துவிட்டுத்தான் நிற்கும். அந்த ஒரு தடவையை நம்பித்தான் "இல்லை" வரியை எழுதியிருந்தேன். புதிய மொழி, பூச்சியம் என்றால் பூச்சியம்தான் என்று உள்ளே போகவே மறுத்தது. வெள்ளைத்தாள் வந்தது. இப்படி இன்னும் ஆறு அகப்பட்டன.

"ஒரேயடியா மாத்த ஏலாது சேர்," என்றேன். "கொஞ்ச நாளைக்கு ரெண்டு வேர்ஷனும் இருக்கத்தான் வேணும். ஆனால் கலக்க விட மாட்டன்."

"எப்பிடி?"

நான் செய்தது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. படகுக்கு அடிக்கிற பெயின்ற் இரண்டு டப்பா வாங்கி, பழைய வேர்ஷன் தட்டுகளின் உறைக்குச் சிவப்பும் புதியதற்குப் பச்சையும் அடித்தேன். அடுத்ததாக, எந்தப் புரோகிராம் எந்த வேர்ஷனில் பரீட்சிக்கப்பட்டது, யார் பரீட்சித்தது என்று எழுத ஒரு கொப்பி. அது இல்லாமல் ஒரு தட்டும் அறையை விட்டு வெளியே போகாது. நிறுவைப் புரோகிராமில் மட்டும் வெட்டு என்று INT போட்டு வெளிப்படையாக எழுதி, வெட்டிய சொச்சத்தைக் கிலோவாகப் பக்கத்தில் பதிய வைத்தேன். அது இரண்டு வேர்ஷனிலும் ஒரே விடை சொன்னது.

எனக்குப் பிடித்தது கடைசி வேலை. உறையின் நிறத்தை மனிதர் மறப்பார்கள், புரோகிராம் மறக்காது. ஒவ்வொரு புரோகிராமின் முதல் வரியிலும் அந்த இரண்டரையையே வைத்தேன். புரோகிராம் ஓடத் தொடங்கியதும் இரண்டரையை முழு எண்ணாக்கிப் பார்க்கும். இரண்டு வந்தால் பழைய மொழி, மூன்று வந்தால் புதிய மொழி. தனக்குப் பொருந்தாத மொழியில் போட்டால், பிழையான தட்டு என்று திரையில் எழுதிவிட்டு நின்றுவிடும். பிழையான கணக்குச் சொல்வதை விட ஒன்றும் சொல்லாமல் நிற்பது மேல் அல்லவா? அந்த வரி முதன்முதலாக வேலை செய்த அன்று, ஜெட்டி மெஷின் அறையில் தனியே நின்று கைதட்டினேன். ஜெட்டிக் கிளார்க் எட்டிப் பார்த்துவிட்டு, மிஸ்ஸுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று போய்விட்டார்.

பரீட்சை எண்களும் மாறின. சொச்சம் வருகிற கோணல் எண்கள் ஏழு, ஒரு பூச்சியம், எட்டு இலக்கத்தில் ஒன்று. விடையை முதலில் பென்சிலால் எழுதிவிட்டுத்தான் மெஷினிடம் கேட்பேன்.

8. முற்றம்

அடுத்த கப்பல் வந்தது. பதினொரு நாள் இறக்கினார்கள். ஒவ்வொரு நாள் பின்னேரமும் ஜெட்டியிலிருந்து டெலிபோனில் தொகை சொல்வார்கள். நான் ஸ்டோர்த் தொகையைச் சொல்வேன். முதல் நாள் இரண்டு தொகையும் ஒன்றே. இரண்டாம் நாளும் அப்படியே. ஐந்தாம் நாள் மூன்று அந்தர் வித்தியாசம் வந்து, எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பார்த்தால் ஒரு லொறியின் வெற்றுப் பாரத்தை ஜெட்டியில் பிழையாகத் தட்டியிருந்தார்கள். ஒரு மொழியின் குற்றமும் இல்லை. கபூர் நானா தினமும் கேற்றுக்கு வந்து, "எப்பிடி?" என்று கேட்டுவிட்டுப் போவார். உள்ளே வர மாட்டார்.

கடைசி நாள் கடைசி லொறி தங்கராசா அண்ணனுடையது. தொகை சொன்னார்கள். நானும் சொன்னேன். ஜெட்டிப் பக்கத்தில் யாரோ கத்துவது டெலிபோனில் கேட்டது. ஓர் அந்தரும் பிசகவில்லை.

மனேஜர் கடிதம் எழுதி வைத்திருந்தார். இயந்திரக் கோளாறினால் ஏற்பட்ட தவறு என்று அதில் இருந்தது. தட்டெழுதித் தரச் சொன்னார்.

"சேர், இதை நான் அடிக்க மாட்டன். இயந்திரத்துக்கு ஒரு கோளாறும் இல்லை. நான் பரீட்சிக்காமல் விட்டனான் எண்டு எழுதுங்கோ."

"உங்கடை பேருக்குக் கூடாது மிஸ்."

"அவருடைய பேருக்கு நல்லது சேர். மெஷின் பழுது எண்டால், அதைச் சாட்டு வைச்சுக் கள்ளனைத் தப்பவிட்டிட்டினம் எண்டு கதைப்பினம். ஆர் பிழை விட்டது எண்டு தெரிஞ்சால்தான் ஆர் விடேல்லை எண்டும் தெரியும்."

மனேஜர் பேனாவை எடுத்தார்.

கடிதத்தைக் கேற்றடிக்குக் கொண்டுபோய்க் கொடுத்தபோது நானா மடித்துத் திருப்பிக் கொடுத்தார். "இது எனக்கு எதுக்கு? எனக்குத் தெரியும் நான் எடுக்கல்ல எண்டு. முத்தத்துல வெச்சு எல்லாருக்கும் முன்னால என்ட கையில இருந்து திறப்ப வாங்கினாங்க. அங்கயே வெச்சு வாசியுங்க."

மறுநாள் காலை லொறிகள் எல்லாம் வெறுமையாக முற்றத்தில் நின்றன. றைவர்மார், கூலியாட்கள், கிளார்க்மார் எல்லோரும் நின்றார்கள். மனேஜர் வாசிக்கத்தான் வந்தார். நான் தாளை வாங்கி நானே வாசித்தேன். நான் பெரிய பேச்சாளி இல்லை. பரீட்சிக்காமல் விட்டது செல்வராணி ஆகிய நான் என்ற இடத்தில் குரலை உயர்த்தினேன். வாசித்து முடித்ததும் தங்கராசா அண்ணன் தன் லொறிக்குள் ஏறி ஹோர்னை அழுத்தினார். மற்றவர்களும் அழுத்தினார்கள். அறுபது லொறி ஹோர்ன். துறைமுகத்தில் கப்பல் வந்துவிட்டதென்று நினைத்தவர்களும் இருந்தார்களாம்.

இத்தனை வருடத்துக்குப் பிறகு இளம் பிள்ளைகளுக்கு நான் சொல்லக் கூடியது கொஞ்சம்தான். மொழியின் வேர்ஷன் மாறும்போது உங்களிடம் சொல்லிவிட்டு மாறாது. எந்த வேர்ஷன் என்று புரோகிராமையே முதலில் கேட்க வையுங்கள். உங்களுக்கு என்ன வேண்டும் என்பதை மொழியின் பழக்கத்துக்கு விடாமல் வரியில் எழுதுங்கள். கணக்குப் பிசகினால் மனிதரைப் பார்க்க முன் உங்கள் வரியைப் பாருங்கள். அந்த வரிக்கு மறு அந்தத்தில் யாரோ ஒருவர் தன் பெயரை வைத்துக்கொண்டு நிற்கிறார்.

ஹோர்ன் சத்தம் அடங்கியதும் மனேஜர் திறப்பை நீட்டினார். கபூர் நானா வாங்கி இடுப்பில் சொருகினார். தராசறையைத் திறந்தார். தராசுத் தட்டில் நின்ற முதல் லொறியைப் பார்த்தார்.

"ஆருடா இதக் கோணலா ஏத்தினவன்? உன்ட வாப்பாவா வந்து நேராக்குவார்?" என்று கத்தினார். முற்றமே சிரித்தது. நான் அழுதுவிட்டேன்.